கதவைத் திறந்தாளா, இல்லையா?

"டாக்டருங்க கைவிட்ட ஒரு பொண்ண, வெறும் பசைச் சட்டிய வச்சே எழுப்பி நடக்க வச்சவன் நான்."

புத்தகம் தைக்கும் பைண்டர், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படி முழங்கும்போதெல்லாம் மாமா பயபக்தியோடு தலையாட்டுவார். அக்கா மட்டும் நம்ப மாட்டாள். "உன் புளுகுக்கும் ஒரு அட்டை போட்டுத் தைச்சு வைடா தம்பி, உதிர்ந்துடப் போகுது" என்பாள்.

அந்தக் கதை நடந்த வருஷம் பைண்டர் ஓய்வில் இருந்தார். சாதாரண ஓய்வல்ல. கடை ஷட்டர் முழங்காலுக்கு மேல் ஏறாத, தாடி இறங்கி வந்து நெஞ்சை நலம் விசாரித்த, பசை சட்டிக்குள்ளேயே பாறையாகிப்போன ஓய்வு. அக்கா கொண்டுவந்து வைத்த சாப்பாட்டை எறும்புகள்தான் குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிட்டுப் போயின. கேட்டால், களைப்பு என்பார்.

அந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு காதல் நாவல். மனச்சோர்வில் முடங்கி அறைக்கதவைச் சாத்திக்கொண்ட கதாநாயகி. அவளுக்காகக் காத்துக் கிடக்கும் லிஃப்ட் மெக்கானிக். பைண்டர் தைத்த புத்தகம்தானாம், கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோமாம். அவள் கண் கலங்கியிருந்தது.

"கதவைத் திறந்தாளா, இல்லையா? அது தெரியாம எனக்குத் தூக்கமே வரலைங்க."

ஐயோ பாவம், இவளுக்கும் அதே நோய்தான் என்று பைண்டர் முடிவுகட்டினார். ஆளை அனுப்பினால் போதும் என்று, "திறந்துட்டா, கல்யாணம் ஆச்சு, சுபம்" என்றார்.

மறுநாளும் வந்து நின்றாள். படுத்தே கிடந்தவள் எப்படி எழுந்தாளாம்? மாத்திரை சாப்பிட்டாள் என்றார். டாக்டரிடம் யார் கூட்டிப்போனது? மெக்கானிக் என்றார். அவன்தான் முந்தின அத்தியாயத்திலேயே காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறானே என்றாள்.

பொய்க்குக் கால் முளைக்க வேண்டுமென்றால் நாவலைப் படித்தாக வேண்டும். படிக்க வெளிச்சம் வேண்டும். ஷட்டர் முழுசாக ஏறியது. அந்த வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்து, யாரோ சாமியார் உள்ளே புகுந்துவிட்டார் என்று அலறி, சலூனுக்கு ஓடினார். என்ன மாத்திரை என்று அவள் குடைய, டாக்டரிடமே போனார். கதாநாயகிக்குத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இவர் உருகி உருகி விவரிக்க, டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை இவர் பெயரிலேயே எழுதிவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்குத்தான் டாக்டர், எனக்கில்ல."

"இருக்கட்டும். நீங்க சாப்பிட்டுப் பாத்து, அவங்களுக்கு எப்படி இருக்கும்னு வந்து சொல்லுங்க."

பைண்டர் தொழில் சுத்தம் உள்ளவர். கதையில் பிழை வந்துவிடக் கூடாதே என்று மாத்திரையை விழுங்கினார், காலையில் நடந்தார், வாராவாரம் டாக்டர் எதிரே உட்கார்ந்து கதாநாயகியைப் பற்றிப் பேசினார். பேச்சுவாக்கில் தன்னைப் பற்றியும்.

அதற்குள் அந்தப் பெண், வாய்ச்சொல் செல்லாது, எழுதித் தைத்துக் கொடுத்தால்தான் ஆச்சு என்றாள். பாறையைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதுப் பசை காய்ச்சினார். பதினாறு பக்கம் எழுதினார். கதாநாயகி கதவைத் திறந்தாள். ஒரேயடியாக அல்ல, நாளுக்கு ஒரு விரற்கடை. படித்து முடித்த அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. குணமாகிவிட்டாள் என்று பைண்டர் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். அந்தச் சூட்டோடு அவளையே கல்யாணமும் செய்துகொண்டார்.

இன்றும் கதையை முடித்து மார்தட்டினார். "நடந்துச்சா இல்லையான்னு இவளையே கேளுக்கா."

மனைவி தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். ஓரம் கிழிந்து பழுத்துப்போன, அச்சடித்த பதினாறு பக்கங்களைக் கொண்டுவந்து தம்பியின் தட்டருகே வைத்தாள்.

"நடந்துச்சுடா, ஒத்துக்கறேன். எழுந்து நடந்த ஆளைத்தான் நீ மாத்திச் சொல்ற. கிழிச்சது நான். என் ஆபீஸ்ல வேலை பாத்த இவளை உன் கடைக்கு அனுப்புனதும் நான்தான். ஆனா, முதல் நாள் மட்டும்தான்."