பியானோவுக்கு எதிராகப் பதினான்கு குழாய்கள்

அந்தப் பியானோ இந்த வீட்டுக்குள் வராது என்று வெர்லின் புதன்கிழமை காலை முட்டை தின்றுகொண்டே முடிவு செய்தான். மனசுக்குள்தான். மனைவி ஆர்டித் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பியானோ ஆர்டித்தின் அக்கா லவோனுடையது. அயோவாவில் இருக்கிற வீட்டை விற்றுவிட்டு அவள் மகள் வீட்டோடு போகிறாள். சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள், இல்லாவிட்டால் சர்ச்சுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். ஆர்டித்துக்கு வாசிக்கத் தெரியாது. இனிமேல் கற்றுக்கொள்ளப் போகிறாளாம், அறுபத்து மூன்று வயதில். அவ்வளவு பெரிய சாமானைச் சாத்திவைக்க வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரில் வெர்லினின் டிவி இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கால்பந்து சீசன் ஆரம்பம்.

"முடியாது" என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவன் இரண்டே தடவைதான் சொல்லிப் பார்த்திருக்கிறான். இரண்டு தடவையும் முடிந்தது.

ஆகையால் இந்தத் தடவை வண்டியை விட்டுச் சொல்ல வைப்பது என்று தீர்மானித்தான்.

வண்டி எழுபத்தேழாம் வருஷத்துப் பச்சைப் பிக்கப், பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த பெட்டி. பியானோவை ஏற்றிவர வேறு வண்டி கிடையாது. வெர்லினுக்கு உயிர். கல்யாண நாள் மறந்துபோகும். அதற்கு ஆயில் மாற்றிய நாள் மறக்காது. கொஞ்ச நாளாக எஞ்சின் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் வந்தது போல உதறும். காரணம் அவனுக்குத் தெரியும். எஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பை பிரேக்குக்கும் ஹீட்டருக்கும் மற்றதுக்கும் கொண்டுபோகிற ரப்பர்க் குழாய்கள் வெடித்துப் போயிருந்தன. பதினான்கு குழாய்கள். மாற்றுவது அரை நாள் வேலை. அதை நான்கு நாள் வேலையாக்குவது அவன் கையில் இருந்தது.

அன்று மதியமே கொட்டகையில் வண்டியின் பானெட்டைத் திறந்து பதினான்கையும் பிடுங்கிப் போட்டான். எது எங்கே போகும் என்று காட்டும் படம் ஒன்று பானெட்டின் உட்புறம் ஒட்டியிருந்தது. பெட்ரோல் துணியால் அதையும் துடைத்தான். படம் சுத்தமாகப் போயிற்று.

வியாழக்கிழமை ஆர்டித் கொட்டகைக்கு வந்தாள்.

"என்ன வெர்லின், நூடுல்ஸைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு?"

"வேக்குவம் குழாய்ம்மா. எல்லாமே போச்சு. உள்ள வெற்றிடம் இருந்தாத்தான் வண்டி ஓடும்."

"வெற்றிடமா? உன் மண்டையில ஒண்ணு இருக்கே, அதை எடுத்து மாட்டு."

"சிரிக்கிற விஷயமில்ல ஆர்டித். படம் வேற அழிஞ்சுபோச்சு. எது எங்க போகும்னே தெரியல."

"கழட்டறப்போ அடையாளம் எழுதி ஒட்டலையா? நான் ஊறுகாய் பாட்டிலுக்கே எழுதி ஒட்டறேன்."

"ஊறுகாய் பாட்டில் நெடுஞ்சாலையில போறதில்லையே."

"இந்த வண்டியும் போகாது போலிருக்கே. சனிக்கிழமைக்கு ஆகுமா, ஆகாதா?"

வெர்லின் முகத்தைத் தொங்கப் போட்டான். கண்ணாடி முன்னால் நின்று பழகிவைத்த முகம். "உங்கக்கா பியானோவை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல. ஆனா என்ன பண்றது?"

ஆர்டித் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம்டா நீ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதோடு விட்டுவிட்டாளே என்று வெர்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் ஜன்னலோரம் வரும்போதெல்லாம் தலையைச் சொறிந்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொட்டகைக்குப் போனால் அங்கே பக்கத்து வீட்டு க்ளெண்டா நின்றிருந்தாள். வண்டியின் பின்பெட்டியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன க்ளெண்டா?"

"எட்டடி நீளம். இந்த ஓரமெல்லாம் பெட்டூனியா வைக்கலாம். நடுவுல சாமந்தி."

"எதுல?"

"இதுலதான். ஆர்டித் சொன்னா, இது இனிமே ஓடாதாம். எங்க வாசல்ல நிறுத்தி மண்ணைக் கொட்டிப் பூந்தொட்டி ஆக்கிடறேன். டயரைக் கழட்டிடணும். பத்து மணிக்கு இழுத்துட்டுப் போக ஆள் வருது."

ஆர்டித் காப்பிக் கோப்பையோடு நிதானமாக வந்தாள்.

"ஆர்டித்! என் வண்டியில பூச்செடியா?"

"நீதானே சொன்னே, எது எங்க போகும்னே தெரியலன்னு?"

"யாருக்குத் தெரியல? எனக்கா? கண்ணைக் கட்டிவிட்டா கூட மாட்டுவேன்!"

"எங்க மாட்டு, பார்ப்போம்" என்றாள் க்ளெண்டா. "எனக்கு நம்பிக்கை இல்ல. பொம்பளைங்க முன்னால எல்லாரும் பேசத்தான் செய்வாங்க."

அவ்வளவுதான். தீவன வாளிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த புதுக் குழாய்ச் சுருளை வெர்லின் வெளியே இழுத்தான். அது எப்படி அங்கே வந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை. கத்தியை எடுத்தான். அளந்தான், வெட்டினான், செருகினான்.

"இது கார்புரேட்டர்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு! பாத்துக்கோ. தடியா இருக்கே, இது பிரேக்குக்கு. இது ஹீட்டருக்கு. சூட்டுல படாம இப்படி வளைச்சுக் கொண்டுபோகணும். பெட்டூனியாவாம்!"

நாற்பது நிமிஷம். பதினான்கு குழாய். விரல் முட்டியில் மூன்று இடத்தில் தோல் போயிற்று. அவனுக்கு அது தெரியவே இல்லை. ஏறிச் சாவியைத் திருகினான். உஸ் இல்லை, உதறல் இல்லை. மடியில் படுத்த பூனை போல எஞ்சின் மெல்ல உறுமியது. வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா? பூந்தொட்டியா இது? இப்பவே ஐந்நூறு மைல் நிக்காம ஓடும்!"

க்ளெண்டா டேப்பைச் சுருட்டினாள். தன் காருக்குப் போய் டிக்கியைத் திறந்தாள். செடி ஒன்றும் இல்லை. பழைய கம்பளிகளும் இரண்டு சுருள் தடிக் கயிறும் இருந்தன. அவற்றைத் தூக்கிவந்து பின்பெட்டியில் போட்டுவிட்டுத் தானும் முன்சீட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு முன்பே ஏறியிருந்த ஆர்டித் நடுவில் நகர்ந்து இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டாள்.

"ஐந்நூறெல்லாம் எதுக்கு, வெர்லின்? லவோன் வீடு நூத்தி எண்பதுதான். எடு வண்டியை."