கிட்டாருக்கு ஒரு ஞானத்தகப்பன்

உலகத்தில் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் என்று இரண்டே இனம்தான் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு இதுவரை நல்ல காலம் என்று பொருள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதன் பெயர் ‘பார்த்துத் தருகிறவர்’. அவர் விற்கமாட்டார், வாங்கவும் மாட்டார். நீங்கள் வாங்கப் போகும்போது கூடவே வருவார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக்காரனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பொருளைத் தட்டுவார், முகர்வார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார், கடைசியில் “அவசரப்படாதீங்க” என்பார். அவ்வளவுதான். நீங்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவீர்கள், அதற்கு அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு.

இந்த இனம் இல்லாத ஊர் இல்லை. ஆனாலும் பராச்சோவில் வாழ்ந்த எப்பிபானியோவைப் போல ஒரு முழுமையான உருப்படியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடல் கடந்து மிச்சோவாகான் மலையில் இருக்கிற அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் கிட்டார் பட்டறையின் மேல்தான் விழவேண்டும். பாதிரியாரின் அங்கியில்கூட மரத்தூள் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிட்டார்கூடச் செய்யாத, ஒரு பாட்டுகூட வாசிக்காத ஒரே மனிதர், மருந்துக்கடை வைத்திருந்த எப்பிபானியோதான். அதனாலேயே அவர் எந்தப் பட்டறைப் பக்கமும் சாயாதவர், கிட்டார் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. எப்படி இருக்கிறது நியாயம்?

எர்மெலிந்தா அவரிடம் போய் மாட்டியதற்கு அந்த ஊர் வழக்கம் ஒன்று காரணம். எர்மெலிந்தா சந்தைத் திடலில் காலை வேளையில் கொருந்தா விற்கிறவள். மக்காச்சோள மாவை இலையில் மடித்து அவித்த கொழுக்கட்டை. அங்கே தனியாகச் சுமக்க முடியாத செலவு எது வந்தாலும் அதற்கு ஒரு ஞானத்தகப்பனைப் பிடிப்பார்கள். ஞானஸ்நானத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்யாண மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், மணப்பெண் செருப்புக்கு ஒருவர். ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்தப் பொருள் அவர் கையால்தான் வரவேண்டும். வேறு யாராவது வாங்கினால் அவர் முகத்தில் அறைந்த மாதிரி. எர்மெலிந்தாவின் சித்தி மகள் கல்யாணத்தில் கேக்கின் ஞானத்தகப்பன் கேக்கை மறந்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். இருநூறு பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கேக் கடை பத்தடி தூரத்தில் திறந்தே இருந்தது. ஒருவர் எழுந்திருக்க வேண்டுமே!

மகள் யுரிட்சிக்கு ஏழு வயதானபோது, கோவிலில் சிறுவர் கிட்டார் குழுவில் சேர வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எர்மெலிந்தா இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் எப்பிபானியோவிடம் கேட்டுவிட்டாள். அவர் மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

“தங்கச்சி, இனிமே அந்தக் கவலை உனக்கு வேண்டாம். கிட்டாருக்கு ஞானத்தகப்பன் நான்தான். என் கண்ணை ஏமாத்தி ஒரு மரமும் உன் வீட்டுக்குள்ள வந்துடாது.”

கடைசி வாக்கியத்தை அவள் கவனித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

முதல் நாள் எர்மெலிந்தாவின் வீட்டுக்கு நேர் எதிரிலிருந்த கமெரினோவின் பட்டறைக்குப் போனார்கள். எப்பிபானியோ தன் தொப்பியைக் கழற்றி யுரிட்சியிடம் கொடுத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். “குழந்தைங்க உள்ள வந்தா மரம் கூச்சப்படும்” என்றார். கமெரினோ ஏழு வயதுக்கு ஏற்ற அரைக் கிட்டார்கள் நாலைந்தை எடுத்து வைத்தார். எப்பிபானியோ சட்டைப்பையிலிருந்து டாக்டர் வைக்கிற குழாயை எடுத்துக் காதில் மாட்டி, ஒரு கிட்டாரின் முதுகில் வைத்து, கண்ணை மூடினார்.

“கபம் கட்டியிருக்கு.”

“என்னது?” என்றார் கமெரினோ.

“நெஞ்சுல சளி. தட்டினா கரகரங்குது. அடுத்தது எடு.”

அடுத்ததை அவர் தன் மடியில் வைத்துப் பார்த்தார். எப்பிபானியோவின் தொப்பை ஊரறிந்தது. அரைக் கிட்டார் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, வழுக்கி, முழங்காலுக்கு வந்து நின்றது. அவருடைய கட்டைவிரல் ஒன்றே மூன்று தந்தியை ஒரே சமயத்தில் மூடியது.

“சின்னதா இருக்கே கமெரினோ!”

“குழந்தைக்குத்தானே அண்ணே?”

“குழந்தைக்குன்னா? பொருள் பொருளா இருக்க வேண்டாமா?”

வாசலில் தொப்பியோடு நின்றுகொண்டிருந்த குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கடுத்த நாலு வருஷத்திலும் இல்லை.

நாலு வருஷமா என்று கேட்கிறீர்கள். ஆமாம், நாலு வருஷம். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்திருக்கும் என்றார். வெயில் காலத்தில் மரம் தாகத்தில் இருக்கும் என்றார். தவக்காலத்தில் தட்டினால் மரம் துக்கமாகத்தான் பேசும் என்றார். ஆகஸ்டில் கிட்டார் திருவிழா நடந்து ஊரே கிட்டாராகக் கிடந்தபோது, இந்தக் கூட்டத்தில் எது யார் சத்தம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அரைக் கிட்டார்களைப் பார்த்து முடிப்பதற்குள் யுரிட்சி அந்த அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். “பாத்தியா? அன்னைக்கே வாங்கியிருந்தா தண்டம்!” என்று அவர் முகம் மலர்ந்தார். பிறகு முக்கால் கிட்டார்களை முதலிலிருந்து தொடங்கினார். மருந்துக்கடையை மத்தியானமே சாத்திவிட்டுப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதேதான்.

குழுவில் யுரிட்சிக்கு என்ன வேலை? கிட்டார் இல்லாத பிள்ளை கொடி பிடிக்க வேண்டும். இசைக்காரர்களின் பாதுகாவலியான புனித செசிலியா திருநாளில், மற்றப் பிள்ளைகள் பின்னால் வாசித்துக்கொண்டு வர, அவள் முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். விரல் வைக்கும் இடமெல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாள். எர்மெலிந்தா கொருந்தா மடிக்கிறபோது அம்மாவின் முன்னங்கையைப் பிடித்து அதிலே விரல் பதித்துப் பழகுவாள்.

“அம்மா, கையை ஆட்டாத. பாட்டு கெட்டுப்போகுது.”

எர்மெலிந்தா அசையாமல் இருப்பாள். அடுப்பில் பானை பொங்கி வழியும்.

பதினோராவது வயதில் கழுத்துக்குக் கத்தி வந்தது. பன்னிரண்டு நிறைந்தால் சிறுவர் குழுவில் இடமில்லை. யுரிட்சிக்கு டிசம்பரில் பன்னிரண்டு. செசிலியா திருநாள் நவம்பரில். இதுதான் கடைசி. எர்மெலிந்தா மருந்துக்கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, இன்னும் மூணே வாரம்தான் இருக்கு.”

“நான் என்ன சும்மாவா இருக்கேன்? ஊர்ல உள்ளதை எல்லாம் கழிச்சு நாற்பது கிட்டாருக்குக் கொண்டு வந்துட்டேன்ல?”

“நாற்பது வேண்டாம்ணே, ஒண்ணு போதும்.”

எப்பிபானியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ராத்திரி தூங்காம யோசிச்சேன் தங்கச்சி. வளர்ற பிள்ளைக்கு வாங்கறதே தப்பு. அவ வளந்து முடிக்கட்டும். அப்புறம் ஒரே தடவையா வாங்கிடலாம்.”

அன்று மாலை யுரிட்சி வந்து, “கொடி பிடிக்கத்தான் எனக்குப் பிடிக்கும்னு கிட்டார் வாத்தியார்கிட்ட சொல்லிட்டேம்மா” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.  பிள்ளை அம்மாவுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது என்று தெரிந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? எர்மெலிந்தா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்ப் பட்டறைக்குள் போனாள்.

பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. அவள் சொன்னதைக் கேளுங்கள்.

“கமெரினோ அண்ணே, நீங்க ஞானத்தகப்பனா இருக்கணும்.”

கமெரினோ உப்புத்தாளைக் கீழே வைத்தார். “கிட்டாருக்குத்தான் அவரு இருக்காரே! நான் போய் நடுவுல புகுந்தா ஊரு காறித் துப்பாதா?”

“கிட்டாருக்கு இல்ல. தந்திக்கு.”

“தந்திக்கா?”

“ஆறு தந்தி. அதுக்கு இன்னும் யாரையும் கேக்கல.”

கமெரினோ தாடையைச் சொறிந்துகொண்டார். அவர் மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும். “தந்தியைச் சும்மா கையில கொடுத்தா சிக்கு விழுந்துடுமே.”

“அதைத்தான் நானும் யோசிச்சேன்.”

“எதுமேலயாவது இழுத்துக் கட்டித்தான் கொடுக்கணும்.”

“அது உங்க தொழில்ணே. நான் என்னத்தைக் கண்டேன்?”

கமெரினோ தெருவைப் பார்த்து, “ஏய் யுரிட்சி, இங்க வா!” என்று கத்தினார். ஒரு முக்கால் கிட்டாரை அவள் மடியில் வைத்தார். வலது கை கிட்டார்ப் பெட்டியைத் தாண்டி வந்தபோது தோள் தூக்கவில்லை. இடது கை முழங்கை விறைக்காமல் கழுத்தின் கோடி வரை எட்டியது. நைலான் தந்தியை அழுத்தச் சொன்னார்.

“விரல் வலிக்குதா?”

“இல்ல மாமா.”

“அப்ப தந்தியை இதுலயே கட்டிடறேன்.”

இரண்டு நிமிஷம். நாலு வருஷ வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

விஷயம் எப்பிபானியோவின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? மறுநாளே வந்துவிட்டார். தெருவில் இருந்த அத்தனை பட்டறைகளிலும் உளிச் சத்தம் நின்றது. எர்மெலிந்தா வாசலிலேயே நின்று, “கமெரினோ அண்ணன் தந்திக்கு ஞானத்தகப்பன்ணே. தந்தி கொண்டுவந்திருக்காரு” என்றாள்.  எப்பிபானியோ குழாயை மாட்டினார், வைத்துக் கேட்டார், ஒவ்வொரு தந்தியாகச் சுண்டினார், முகர்ந்தார்.

“தந்தி நல்ல தந்தி” என்றார்.

எர்மெலிந்தாவுக்கு மூச்சு வந்தது.

“ஆனா அதை மாட்டி வச்சிருக்கிற இந்தச் சட்டம் இருக்கே, சுமார்தான். சின்னதா வேற இருக்கு. போகுது, நான் கிட்டார் கொண்டுவர்ற வரைக்கும் தாங்கும்.”

செசிலியா திருநாளன்று கோவில் முற்றத்தில் யுரிட்சி முன்வரிசையில் உட்கார்ந்து வாசித்தாள். ஒரு பாட்டிலும் விரல் தடுமாறவில்லை. எர்மெலிந்தா அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் எப்பிபானியோவும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெறும் தந்தியிலேயே இந்தப் போடு போடறாளே தங்கச்சி! கையில ஒரு கிட்டார் மட்டும் கிடைச்சுட்டா என்ன ஆகும்!”

“அதானேண்ணே” என்றாள் எர்மெலிந்தா. “நீங்க நிதானமாப் பாருங்க. ஒரு அவசரமும் இல்ல.”

அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம்தான் முழுக் கிட்டார்களைத் தொடங்கினார் என்று கேள்வி.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மச்சான் மகனுக்கு நல்ல சைக்கிளாகப் பார்த்துத் தருகிறேன், நீங்கள் போனால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவான் என்று போன பொங்கலுக்குச் சொன்னது யார்? கடையில் இறங்கி டயரை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது யார்? ஆரம்பத்தில் வாரம் ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, பார்த்தால் சிரித்த முகமாக “மெதுவாப் பாருங்க மாமா” என்கிறார்கள் என்றால், அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை மச்சான் வீட்டுக்குப் போகும்போது, முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அவர்கள் சந்து முனையில் திரும்பும்போது பின்னால் மணி அடித்தால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். பையன் வேகமாக ஓட்டுவான்.