எத்தனை முறை நுழைய விருப்பம்?

படிவம் நிரப்பத் தெரிந்தவனுக்கு, சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேட்கத் தெரியாது. மற்றவர்களைச் சொல்லவில்லை; என்னைத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதோ, கேஸ் இணைப்போ, சொந்தத்தில் யாருடைய படிவமானாலும் என் கைக்குத்தான் வரும். கட்டத்துக்குள் எழுத்து இடிக்காமல் எழுதுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கொண்டுபோய் ஐரோப்பாவில் ஒரு கடற்கரையோரம், சூட்கேஸ் மேல் உட்கார வைத்தது.

துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் எனக்குச் சரக்குப் போக்குவரத்து வேலை. எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறி, எங்கே இறங்கி, எந்த லாரியில் போகும் என்று திட்டம் போட வேண்டும். கல்யாணமாகி என் மனைவி பூங்கொடி துபாய் வந்து ஒரு வருஷம் கழித்து, முதல்முறையாகப் பத்து நாள் லீவு கிடைத்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன்.

"படுத்துத் தூங்கி எந்திரிச்சா வேற நாடு வரணும். அப்படி ஒரு பெரிய கப்பல்ல போகணுங்க. அது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

இந்தக் கடைசி வார்த்தையை என்னைப் போன்றவனிடம் சொல்லவே கூடாது.

பேக்கேஜ் டூர் வேண்டாம், ஐரோப்பாவின் பால்கன் நாடுகளைத் தரை வழியாகவே பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். குரோஷியாவில் விமானம் இறங்கி, ரயிலில் கடற்கரைக்கு. அங்கிருந்து பஸ்ஸில் மான்டினீக்ரோ. அங்கே ஒரு மலை ரயில். கடைசியாக, பார் என்ற துறைமுகத்தில் கப்பல் ஏறினால் விடியும்போது இத்தாலி. எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டேன். ரயிலுக்குப் பச்சை, பஸ்ஸுக்கு மஞ்சள், கப்பலுக்கு நீலம். கழிப்பறைக்கு எட்டு நிமிடம் என்றுகூட ஒரு வரிசை. அச்சடித்து லேமினேட் செய்தேன்.

"எட்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா?" என்றாள்.

"அடுத்த ஸ்டாப்ல கழிச்சுக்கலாம்." (மனுஷன் பேசுற பேச்சா இது?)

விசா படிவம் வந்தது. 'எத்தனை முறை நுழைய விருப்பம்: ஒருமுறை, இருமுறை, பலமுறை.'

"எதுக்கும் ரெண்டுன்னு போடுங்களேன்" என்றாள் பூங்கொடி.

"நாம போறதே ஒரு தடவைதான? ரெண்டு கேட்டா, இவன் எதுக்கு ரெண்டு தடவை வர்றான்னு சந்தேகப்படுவாங்க. பேராசைப்படக் கூடாது."

"நடுவுல அந்த மலை நாட்டுக்குப் போயிட்டுத்தான இத்தாலி போறோம்?"

கேள்வி சரியான கேள்வி. குரோஷியாவுக்கும் இத்தாலிக்கும் ஒரே விசா. நடுவில் வரும் மான்டினீக்ரோ அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் நான் யார்? ஜெபல் அலிக்காரன். "சீல் வெச்ச கன்டெய்னர் நடுவுல ஒரு நாட்டைக் கடந்து போனா, அது உள்ள நுழைஞ்சதா கணக்கே இல்ல. அதுக்குப் பேரு டிரான்சிட்" என்றேன்.

"அங்க மூணு நாள் தங்குறோமே?"

"அது கொஞ்சம் நீளமான டிரான்சிட்."

அவள் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சப்பாத்தி மாவு பிசையப் போய்விட்டாள். நான் 'ஒருமுறை' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டேன். இருவர் படிவத்திலும்.

லேமினேஷனின் முதல் வரியே உதைத்தது. தண்டவாளத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்று பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்கி, ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். "இதுக்கு என்ன கலருங்க?" என்றாள். அடுத்த பஸ்ஸில் சூட்கேஸுக்குத் தனியாகச் சில்லறை கேட்டார் டிரைவர். நான் நோட்டை நீட்ட, 'இவனோடா வந்தாய்?' என்பதுபோல் அவர் பூங்கொடியைப் பரிதாபமாகப் பார்த்தார். மலை ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். லேமினேட் செய்த தாளில் பேனா எழுதாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இதற்கிடையில் குரோஷிய எல்லையில் ஒரு அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டில் 'டப்' என்று வெளியேறும் முத்திரை குத்தினார். அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன்.

பார் துறைமுகத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். வெள்ளைக் கப்பல் கரையில் நின்றிருந்தது. பூங்கொடி வீடியோ காலில் அவள் அம்மாவுக்குக் காட்டினாள்: "எம்மா, இங்க பாரு! எத்தனை மாடின்னு எண்ணு பாப்போம்!"

கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "உங்களுக்கு ஒரு நுழைவுதான். அது குரோஷியாவில் முடிந்துவிட்டது. இத்தாலிக்குள் விடமாட்டார்கள்."

"இது டிரான்சிட் மேடம்" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சீல், கன்டெய்னர் எல்லாம் விளக்கினேன். லேமினேஷனைக் காட்டினேன். அவர் உண்மையாகவே முழுவதும் படித்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"ஆனால் நீங்கள் கன்டெய்னர் இல்லையே, சார்."

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போய் ஏறினார்கள். ஒருவர் நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு என்ன விசாவோ!

பூங்கொடி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சூட்கேஸில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"டிக் போட்டது யாருங்க?"

"நான்தான்."

"பேனா எடுத்துக் குடுத்தது நான். என் மேலயும் தப்பு இருக்கு."

கப்பல் ஊதியது. அது புள்ளியாகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக லேமினேஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், கிடைத்த விமானத்தில் ஏறி நேராகத் துபாய் வந்து சேர்ந்தோம்.

அந்தக் கப்பல் டிக்கெட்டைப் பூங்கொடி எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "அட, கப்பல்ல போனீங்களா? எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சங்கூட ஆடலக்கா" என்பாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "தலைசுத்தல், வாந்தி, ஒண்ணும் கிடையாது. கரையிலேர்ந்து பாக்க அவ்வளவு அழகு."

அவர்கள் விளங்காமல் என் பக்கம் திரும்புவதற்குள் நான் டீ போட எழுந்துவிடுவேன். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு இப்போது டீ போடுவது நான்தான்.