ஹிரியூரில் நின்ற கார்

"மேடம், நேராப் போறது நல்லா வந்துடுச்சு. யூ-டர்ன் எப்ப சொல்லித் தருவீங்க?"

போனில் ஒரு பெண்குரல் கன்னடத்தில் இப்படிக் கேட்டபோது, ருக்ஸார் மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஏணி மேல் நின்று தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தாள். 'ருக்ஸார் மகளிர் டிரைவிங் ஸ்கூல்.' பலகை வந்துவிட்டது. கார்தான் வரவில்லை.

"நீங்க யாரு? எங்கிருந்து பேசறீங்க?" என்று அவளும் கன்னடத்திலேயே கேட்டாள்.

"சித்ரதுர்கா மேடம். லைசென்ஸ் எடுத்து வருஷமாச்சு, ரோட்டுல எறங்க பயம். காலையில உங்க கார் இங்க நின்னுச்சு. மாஸ்டர் கூப்பிட்டு ஏத்திக்கிட்டார். ஹிரியூர் வரைக்கும் நானே ஓட்டினேன்! அங்க எறக்கி விட்டுட்டார். பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தேன்."

ருக்ஸார் ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். இறங்காவிட்டால் விழுந்திருப்பாள்.

அந்தக் காரை அவள் தாவணகெரேயில் வாங்கியிருந்தாள். டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்ட ஒருவருடைய வண்டி. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் கார். "பெயின்டர் நம்ம ஆளுதான், உங்க பேரையும் போன் நம்பரையும் எழுதியே அனுப்பிடறேன்" என்று அவர் சொன்னபோது, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தாள். கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடம் விட்டாள். லாரியில் ஏற்றி, கயிறு கட்டி, தார்ப்பாய் போர்த்தி, கீறல் விழாமல் இறக்குவோம் என்று மேனேஜர் நாராயணப்பன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் பலர் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து பேர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பலகையைக் காட்டியா அவர்களுக்கு ஓட்டச் சொல்லித் தர முடியும்?

நாராயணப்பனுக்குப் போன் போட்டாள்.

"உங்க வண்டி லாரி மேல பத்திரமா இருக்கும்மா" என்றார் அவர்.

"லாரி மேல இருக்கற வண்டிய ஒரு அம்மா ஹிரியூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்காங்களே சார்?"

"லாரியில எடம் பத்தலம்மா. அதான் ரோட்டுலயே ஓட்டி அனுப்பிட்டோம். பழுத்த அனுபவம் உள்ள டிரைவரு, நீங்க கவலையே படாதீங்க."

"அவர் நம்பரக் குடுங்க."

"அது சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்மா."

அடுத்த போன் ஹிரியூர் மருந்துக்கடைக்காரரிடமிருந்து வந்தது. "மேடம், உங்க கார் என் கடைக்கு எதிர்லதான் நிக்குது. இன்னிக்குக் கிளாஸ் உண்டா?"

"கிடையாது! அது என் சொந்தக் கார். ஒருத்தரும் ஏறக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க!"

அவர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார். "நீங்க சொன்னபடி யாரையும் ஏற விடல மேடம். கார் நேத்து நின்ன எடத்துலயே நிக்குது. மாஸ்டர் உள்ளயே தூங்கறார்."

"போனை அவர்கிட்ட குடுங்க!"

கரகரத்த குரல் தமிழில் வந்தது. "அக்கா, ஆஞ்சப்பன் பேசறேன்."

"ஏய்யா, வண்டிய எடுத்துக்கிட்டு வராம அங்க என்னய்யா பண்றே?"

"ஆளு கெடச்சா உடனே கெளம்பிடுவேன்க்கா."

"எந்த ஆளு?"

"கத்துக்கற ஆளுதான்க்கா. நீங்க வேணாம்னுட்டீங்களாமே, ஒருத்தரும் கிட்டயே வர மாட்டேங்கறாங்க."

போன் கட் ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருக்ஸாரின் அம்மா முனவர் பேகம் மோவாயில் கை வைத்தாள். "பாடம் சொல்லாம அந்த மனுசனுக்கு வண்டி நகராது போலிருக்கே! சில பேருக்குத் தொழிலு ரத்தத்துலயே ஊறிப்போயிருக்கும்டி."

ருக்ஸாருக்குக் கோபத்தோடு ஆச்சரியமும் வந்தது. வேலை பார்த்த ஸ்கூல்களில் அவள் பார்க்காத மாஸ்டரா? கத்துவார்கள், ஸ்டீயரிங்கைப் பிடுங்குவார்கள், பாதி வழியில் அழ வைப்பார்கள். அது பொறுக்காமல்தானே சொந்த ஸ்கூல் தொடங்கினாள். காரை அங்கேயே நிறுத்திக்கொண்டு மாணவருக்காகக் காத்திருக்கும் மாஸ்டரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

விழா வேலைகளைப் போட்டுவிட்டு அவளே போய் எடுத்துவரவும் முடியாது. வேறு வழியின்றி மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். "சரி, நீங்களே ஏறிக்கங்க."

சாயங்காலம் அவர் சிராவிலிருந்து பேசினார், ஆனந்தக் கண்ணீரோடு.

அதன்பின் ருக்ஸாரின் போன் ஓயவில்லை. கார் எந்த ஊரில் நின்றாலும் யாராவது அழைத்தார்கள். "ஏறுங்க, ஏறுங்க" என்றாள். ஏற ஏறக் கார் கிட்டே வந்தது. ஒவ்வொருவரிடமும், "மாஸ்டர் எப்படிச் சொல்லித் தர்றாரு?" என்று விசாரிக்காமல் விடவில்லை.

"திட்டவே மாட்டார் மேடம்" என்றார் சிராவில் ஏறியவர்.

"பிரேக்கைத் தொடக்கூட இல்ல. எல்லாத்தையும் நம்ம மேலயே விட்டுடறார்" என்றாள் தும்கூர்க்காரி. "கண்ண மூடிக்கிட்டு சாமி பேரச் சொல்லிக்கிட்டே வர்றார். அதக் கேட்டாலே தைரியம் வந்துடுது."

பெங்களூரிலிருந்து ஒரு பெண் அலறினாள். "மேடம், அவ்வளவு டிராஃபிக்ல சில்க் போர்டு சிக்னலை நானே தாண்டிட்டேன்! எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாஸ்டரும் அழுதார்!"

இதற்குள் உள்ளூரில் வேறு வினை. முதல் ஆளாகப் பேர் கொடுத்திருந்த மணிமேகலை நேரிலேயே வந்துவிட்டாள். "எப்பப் பண்ணாலும் ஒங்க போனு பிஸிக்கா. காரும் இல்ல. நாங்கெல்லாம் வேற ஸ்கூல்ல சேந்துக்கறோம்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுத்துக்க மணி. காரோட ஒரு மாஸ்டரும் வர்றாரு. அந்த மாதிரி ஒருத்தர நீ பாத்திருக்கவே மாட்ட!"

நாராயணப்பனும் கூப்பிட்டார். "கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களே, அந்த ஆளை எறக்கிட்டு வேற டிரைவர அனுப்பட்டுமாம்மா?"

"அவர் மேல கைய வெச்சீங்கன்னா தெரியும் சேதி!" என்று போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, எல்லைப் பக்கத்திலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே கார் வந்தது. ஒரு பக்கக் கண்ணாடியைக் காணவில்லை. முன்பக்கம் ஒரு நசுங்கல். டிரைவர் சீட்டிலிருந்து அத்திபெலே பூக்காரம்மா ஒருத்தி முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உலகத்தையே ஜெயித்த முகத்தோடு இறங்கினாள். மறுபக்கக் கதவைத் திறந்து, தோளில் துண்டோடு ஒல்லியாக ஒரு மனிதர் இறங்கி, முதல் வேலையாகத் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

கண்ணாடியையும் நசுங்கலையும் பற்றிக் கேட்க நினைத்த ருக்ஸார் எல்லாவற்றையும் மறந்தாள். கூடியிருந்த பெண்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"இவருதான் ஆஞ்சப்பண்ணன்! அண்ணே, கம்பெனி வேலைய உட்டுட்டு இங்கயே மாஸ்டரா சேந்துக்கங்க. உங்களப் போல ஆளு எனக்குக் கெடைக்கவே மாட்டாங்க."

மணிமேகலை கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். ஆஞ்சப்பன் மிரண்டுபோய்க் கையைக் கூப்பினார்.

"அக்கா, டிரைவரு சித்ரதுர்காலயே கம்பெனியோட சண்ட போட்டுக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு, நான் கூட வந்த லோடு கட்டற ஆளு, எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது, கத்துக்க வந்தவங்கதான் ஆளுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டி என்னை இங்க கொண்டாந்து சேத்தாங்க."