பட்டு அந்துப்பூச்சி நடத்திய சுயம்வரம்

பூச்சிப் பைத்தியம் பிடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம். எலப்புள்ளியில் இதற்கு நானே சாட்சி. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிடும்போது, கம்பளிப்பூச்சி எப்படித் தோலுரிக்கும் என்று விளக்கினேன். பஜ்ஜியோடு சம்பந்தமும் பாதியில் நின்றது.

அடுத்த வரன் வரும் முன்பே அம்மா எச்சரித்தாள். "அம்மிணி, பூச்சிப் பேச்சே எடுக்கப்படாது. இந்தப் பையனையும் தொரத்தி உட்றாதே."

எனக்கும் விட மனமில்லை. கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் அந்தப் பையனைப் போட்டோவில் பார்த்த அன்றே பிடித்துவிட்டது.

ஆனால் விதி என் அறைக் கொடியில் தொங்கியது. கரட்டுக் குன்றில் இலந்தை முள்ளிலிருந்து எடுத்துவந்த தசர் என்னும் காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டை அங்கேதான் கட்டியிருந்தேன். பக்கத்திலேயே பெண் பார்க்கும் சேலை. (அறிவாளி!) முதல் நாள் ராத்திரி கூட்டைவிட்டு வெளிவந்த பெண் அந்து, விடிய விடிய அந்தச் சேலையில்தான் உட்கார்ந்திருந்தது. காலையில் மரத்தில் கொண்டுபோய் விட்டேன். பெண் அந்து இருந்த இடத்திலேயே வாசனை விடும், ஆண்கள் எங்கிருந்தோ தேடி வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த வாசனை சேலையிலும் ஒட்டியிருக்கும் என்பதுதான் உறைக்கவில்லை.

அந்தி சாய்ந்ததும் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். ஜன்னல் வழியாகக் கையகலப் பழுப்பு அந்து ஒன்று வந்து என் தோளில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் கொசுவத்தில் இரண்டு.

"ஏனுங்க, வௌவாலுங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா சோபா மேல் ஏறிவிட்டார்.

"வெளிச்சத்துக்கு வருதுங்க. லைட்டை அணைங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அணைத்தார்கள். மாப்பிள்ளை போன் டார்ச்சை அடித்தார். எல்லாம் என் மேலேயே இருந்தன. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அம்மா கண்ணாலேயே என் வாய்க்குப் பூட்டுப் போட்டாள். சோபாவிலிருந்த அம்மையார் பேப்பரைச் சுருட்டி ஓங்கியதும் பூட்டு தெறித்துவிட்டது.

"அடிக்காதீங்க! கடிக்க இதுக்கு வாயே கெடையாதுங்க. எதுவும் திங்காது. ஒரு வாரந்தான் உசுரு. அதுக்குள்ள பொண்ணைக் கண்டுபுடிச்சாகணும், பாவம்!"

இந்த வரனும் போச்சு என்று நினைத்தேன். மாப்பிள்ளையோ எழுந்து வந்து, என் தோளில் இருந்ததை மெல்ல விரலில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இன்னும் வருவாங்களா?"

இன்றைக்கும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், மாமியார், தான் சோபா மேல் ஏறியதை நடித்தே காட்டுவார். கடைசி வரி மட்டும் என் கணவருடையது.

"அன்னைக்கு இவளைப் பாக்க வந்தவங்கள்ல, சாதகத்தோட வந்தது நான் ஒருத்தன்தானுங்க."