டீமேக்கர் முகர்ந்து பார்த்த கை

தன் உடம்பில் எங்கெங்கே என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது ஒன்றும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்த இடமும் நேரமும்தான் இன்னும் மோசம்: எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று எடைபோட ஒருவர் என்னைக் கூப்பிட்டிருந்தார், அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. (அனுதாபம் வேண்டாம். அதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் ஏகப்பட்ட ஓட்டப்பந்தயங்களிலிருந்து தப்பித்திருக்கிறேன்.) பிரிஞ்சாங் என்ற மலையூரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்த பிறகு, ஊசியை விட்டுவிட்டு, உடம்பில் ஒட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்புக்கு மாறினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். மேல்கையில் ஒட்டிக்கொண்டால், தோலுக்குள் இறங்கியிருக்கும் சின்னக் குழாய் வழியாக மூன்று நாளைக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். பிறகு வேறொன்று ஒட்ட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் அது கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டும். குழாய் விலகி மருந்து வெளியே கசிந்தாலோ வாயே திறக்காது. கசிவை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. இன்சுலினுக்குப் புண்ணுல ஒட்டுற பிளாஸ்டர் வாசம். ஈரமா இருந்தாலும் அந்த வாசம் வந்தாலும் அது லீக்" என்று கிளினிக் மிஸ்ஸி சொல்லியிருந்தார். (நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.) நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஜெசிந்தா ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைக் கடையில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலை விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஹோட்டல் விருந்தாளிகளை அங்கே அழைத்துப்போய் அழைத்துப்போய், விருந்தாளிகள் இல்லாத நாளிலும் நான் போக ஆரம்பித்துவிட்டேன். அவளுடைய அப்பா அந்தோணி அங்கிள்தான் அந்தத் தொழிற்சாலையின் டீமேக்கர். இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டை ஏறுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வாய் தேநீரை உறிஞ்சிவிட்டு, இலை எந்த மலைச்சரிவில் பறித்தது, முந்தின நாள் மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். அவருடைய மூக்குக்கு மேனேஜர் துரையே பயப்படுவார் என்று பேச்சு.

எங்கள் விஷயத்தை ஜெசி வீட்டில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இனிப்பு நீரு இருந்தா இருந்துட்டுப் போகுது. எங்க அண்ணனுக்கும்தான் இருக்கு. அந்தப் பையனுக்குத் தன்னப் பாத்துக்கத் தெரியுமா? அது எனக்குத் தெரியணும். ஃபேக்டரிக்கு வரச் சொல்லு, நான் பாக்குறேன்."

அதாவது, தேர்வு. ஒரே பாடம்: நான்.

"பெருசா பேசாதீங்க லா. அந்த மெஷினக் காட்டி, எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க. போதும்" என்றாள் ஜெசி. நான் பெரிதாகப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

தேர்வு நாளன்று காலை, பளபளவென்று இருக்கட்டுமே என்று புது பம்ப் ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டேன். அம்மா, குளிர் தாக்கும் என்று என் கழுத்திலும் நெஞ்சிலும் தைலத்தை அள்ளிப் பூசினார். அதன்மேல் பனியன், சட்டை, கம்பளிச் சட்டை, ஜாக்கெட். கெரேத்தாவை (காரைத்தான்) எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டத்தில் வண்டி மாட்டி நின்றபோதே தொண்டை வறண்டது. விரலைக் குத்திச் சோதித்தேன். பதினான்கு. எங்கள் ஊர் மீட்டர் கணக்கில் ஐந்தாறு இருந்தால் நல்ல பிள்ளை. பெண் வீட்டார் முன்னால் போகிறோமே, அந்தப் பதற்றம்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சுவை பார்க்கும் அறையில் நீளமான மேசை. அதன்மேல் வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாகத் தேநீர். அந்தோணி அங்கிள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை முகர்ந்தார்.

"தம்பி, தைலமா?"

"அம்மா பூசிவிட்டாங்க, அங்கிள்."

"இந்த ரூமுக்குள்ள சென்ட்டு, தைலம், ஒன்னும் கூடாது. போய்க் கழுவிட்டு வாங்க."

முதல் மதிப்பெண் போயிற்று. கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் ஒரு கரண்டியில் தேநீரை எடுத்து, தகரம் கிழிகிற சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார். "நீங்களும் பாருங்க" என்று எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். எனக்கிருந்த தாகத்தில் கரண்டி எதற்கு? முதல் கோப்பையை எடுத்துக் குடித்தேன். அடுத்ததையும் குடித்தேன். அவர் திரும்பி ஏதோ எழுதிவிட்டு வருவதற்குள் அந்த வரிசையே காலி.

"தம்பி, துப்பணும் லா!"

"தாகமா இருந்துச்சு, அங்கிள்."

"காலைல மெஷின்ல ஓட்டுன சரக்கோட சாம்பிள் பூரா அதுலதான் இருந்துச்சு." அவர் காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சரி. எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சு, அங்கிள். தண்டாஸ் எங்க இருக்கு?"

கழிப்பறைக்குப் போய்வந்து, திரும்பவும் போய்வந்தேன். இனிப்பு ஏறினால் அப்படித்தான்: தாகம், கழிப்பறை, மறுபடி தாகம், அதோடு தலைக்குள் ஒரே பனிமூட்டம். யார் என்ன பேசினாலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். அந்த நிலையில்தான் நான் திட்டமிட்டிருந்த பெரிய பேச்சைத் தொடங்கினேன்.

"அங்கிள், இப்பெல்லாம் டெக்னாலஜி. நான் ஒன்னுமே செய்ய வேணாம். எல்லாம் மெஷினே பாத்துக்கும்."

"அப்ப உங்களுக்கு ஒன்னும் தெரியாதா?"

"தெரியும், அங்கிள். இப்ப பாருங்க." விரலைக் குத்திக் காட்டினேன். மீட்டரில் பத்தொன்பது.

"அது நல்ல நம்பரா?"

"கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா?"

"மூனு மடங்கு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மிஸ்ஸி சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் எட்டியது. "லீக்கா இருக்கும், அங்கிள். மோந்து பாத்தா தெரிஞ்சிடும்" என்று ஜாக்கெட்டையும் கம்பளிச் சட்டையையும் வலது பக்கம் மட்டும் உருவி, சட்டையைச் சுருட்டினேன். பம்ப் சமர்த்தாக ஒட்டியிருந்தது. குனிந்து முகர்ந்தேன். என் மூக்குக்கு என் தைலம்தான் தெரிந்தது. இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் என்ன செய்தேன் என்று தெரியும். மலையிலேயே பேர் பெற்ற மூக்குக்கு முன்னால் என் கையை நீட்டினேன்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க, அங்கிள்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தொழில் பக்தி வென்றது. கண்ணை மூடிக்கொண்டு, என் முழங்கையை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக மூன்று இழுப்பு இழுத்தார்.

"தைலம், இன்னும் போகல. சோப்பு, விலை கம்மி. கம்பளி நேத்து சரியாக் காயல." கண்ணைத் திறந்தார். "பிளாஸ்டர் வாசம் சுத்தமா இல்ல. லீக் கெடையாது."

நான் ஒரு டிஷ்யூவை ஒற்றியும் பார்த்தேன். எலும்பு போலக் காய்ந்திருந்தது. டீமேக்கரே சொல்லிவிட்டார், பிறகென்ன? போனை எடுத்து, பம்புக்குக் கூடுதல் மருந்து அனுப்பச் சொன்னேன். போகிறது என்று போனும் சொன்னது. சட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் அந்தோணி அங்கிளின் மூக்கு விடைத்தது.

"எங்கயோ பிளாஸ்டர் நாறுது."

"என் கையா, அங்கிள்?"

"உங்க கையத்தான் பாத்தாச்சே! இது வேற." அவர் எழுந்துபோய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். துப்புகிற வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து, இலை உருட்டும் இயந்திரத்தின் பக்கம் நின்ற ஆளைக் கூப்பிட்டு, விரலில் கட்டுப் போட்டிருக்கிறதா என்று பத்து விரலையும் விரிக்கச் சொன்னார். ஒரு கட்டும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். மேகம்தான் உள்ளே வந்தது. நானும் உதவி செய்கிறேன் பேர்வழி என்று மேசைக்கடியில் குனிந்து தேடினேன். தேடப்படும் பொருள் என்னோடு சேர்ந்து குனிந்தது.

அப்போதுதான் ஜெசி ஒரு தட்டில் பிஸ்கட்டோடு வந்து என் இடப்பக்கம் நின்றாள்.

"ஏன் உங்க ஜாக்கெட்டு ஈரமா இருக்கு?"

"பனி" என்றேன்.

"பனி ஒரு கைக்கு மட்டுமா பெய்யும்?" தட்டை வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்தாள். மூக்கைச் சுளித்தாள். ஜாக்கெட்டை உருவி, கம்பளியை உருவி, சட்டையைச் சுருட்டினாள். அங்கே இன்னொரு பம்ப். ஒரு ஓரம் எழும்பி, சுற்றிலும் ஈரம், கிளினிக்கே அறைக்குள் வந்ததுபோல வாசம்.

"ரெண்டா?" என்றார் அந்தோணி அங்கிள்.

"ரெண்டா?" என்று நானும் கேட்டேன்.

நடந்தது இதுதான். புது பம்பை ஒட்டிய பிறகு பழையதைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் கழற்றச் சொல்லியிருந்தார் மிஸ்ஸி. காலையில் புதியதை இடது கையில் ஒட்டினேன். வலது கையில் இருந்த பழையதைக் கழற்ற மறந்துவிட்டேன். அதன்மேல் நாலு உடுப்பு போட்டுக்கொண்டு, மூன்று நாள் பழக்கத்தில் வலது கையையே நீட்டியிருக்கிறேன். மூன்று நாள் முடிந்து செத்துப்போன பம்ப் எப்படிக் கசியும்? உயிரோடு இருந்தது கம்பளிச் சட்டைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தது. கூடுதல் மருந்தும் அதற்குத்தான் போயிற்று.

ஜெசி ஓடிப்போய் வண்டியிலிருந்து என் அவசர ஊசியைக் கொண்டுவந்தாள். மிஸ்ஸிக்குப் போன் போட்டு, அவர் சொன்ன அளவைப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் குடித்தபடி எண் இறங்குவதற்காக மூவரும் காத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

மீட்டர் பதினொன்று காட்டியபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, உங்களுக்கு உங்களப் பாத்துக்கத் தெரியாது. அது தெரிஞ்சு போச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு மோந்து பாக்கத் தெரியலங்கிறதும் இப்ப தெரிஞ்சு போச்சு." குரலைத் தாழ்த்தினார். "ரூமுக்குள்ள நாறிக்கிட்டு இருக்கு, நான் வாளிக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். இது ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவன் நான் சொல்ற டீய நம்புவான்?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அங்கிள்."

"வெளியாளு வாய நான் எப்படி லா நம்புறது?" மேசையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என் இரண்டு கையையும் பார்த்தார். "ஜெசி, அவங்க அம்மாவ ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு வீட்டுக்கு வரச் சொல்லு."

எனக்குப் பெண் கிடைத்தது இப்படித்தான்: அழகுக்காக இல்லை, சம்பளத்துக்காக இல்லை, நிச்சயமாகப் பொறுப்புக்காக இல்லை. வாயை மூடி வைப்பதற்காக. (அன்று தைலம்தான் தன் மூக்கைக் கெடுத்தது என்று மாமனார் இன்றும் வாதாடுகிறார். நான் மறுப்பதில்லை. அவர் பெண்ணைக் கொடுத்திருக்கிறார்.)

என் வாய் மூடியேதான் இருந்தது. கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து முழுக்கதையையும் நடித்துக் காட்டியது ஜெசி. அன்றிலிருந்து, காக்க ரகசியம் இல்லாமல் போன மாமனார் என் கைகளைக் காவல் காக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளைக்கு ஒருமுறை, நான் பம்ப் மாற்றுகிற நாளன்று, என் காலை வேலை நேரத்தில் வீடியோ கால் வரும். "தூக்குங்க" என்பார். நான் வரவேற்பு மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று, சட்டைக் கைகளைச் சுருட்டி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அப்படியும் இப்படியும் திரும்ப வேண்டும். ஒருமுறை, சாவி வாங்க வந்த ஒரு வயதான விருந்தாளி, ஏதோ கொள்ளை என்று நினைத்துத் தன் கைகளையும் தூக்கிவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மாமனார் வீட்டுக்குப் போனோம். நான் வாசலில் செருப்பைக் கழற்றி நிமிர்ந்தால், சித்தி, மச்சான், மச்சான் பிள்ளைகள் என்று மொத்தச் சொந்தமும் கூடத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவர்களுக்கு நடுவில், எல்லோரையும்விட உயரமாகத் தூக்கிக்கொண்டு, என் மாமனார்.