ஒரேயொரு திருத்தம்

யாப்புக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாப்பைக் காதலித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: இத்தாலியின் பலெர்மோ நகரில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விதிப்புத்தகமான யாப்பைக் கரைத்துக் குடித்து 'யாப்பர்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். வுச்சீரியாச் சந்தை உணவகமொன்றில் பாத்திரம் கழுவும்போதும் சங்கத்தின் விதிகளையே முணுமுணுப்பார். செத்த வீட்டில்கூட, போனவர் உறுப்பினரா என்று விசாரித்த பிறகே அழத் தொடங்குவார். மண்டபச் சாவி எந்நேரமும் அவர் கழுத்தில் தொங்கும்.

யாப்பைத் திருத்த மாநாடு கூட்டுவோம் என்று யாரேனும் சொன்னால் அவருக்கு வேர்த்துவிடும். "நாடெண்டாலும் சங்கமெண்டாலும் இதுதான் ஐசே. பல்லுப் பிடுங்க ஆளை மயக்கிக் கிடத்துவாங்கள். எழும்பிப் பாக்கேக்கை காலும் இராது!"

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானே மாநாடு கேட்டார். நான் கோப்பியை என் ஒரே நல்ல சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

காரணம் செல்வமணி அக்கா. கால்சாப் பகுதியில் ஒரு கிழட்டுச் சின்யோராவை, இத்தாலியச் சீமாட்டியை, அந்த வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்பவர். வியாழன் பின்னேரம் அவருக்கு விடுமுறை; வீட்டில் இருந்தால் வேலை வைப்பார்கள், வெளியே போக்கிடம்தான் இல்லை. மழை நாளில் பஸ்ஸில் ஏறி, ஊரைச் சுற்றிச் சுற்றி, இருந்தபடியே தூங்குவார். யாப்பர் அதைக் கண்டுவிட்டார். அல்பெர்கேரியாவில் ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் மண்டபத்தையோ, ஞாயிறு மட்டும்தான் திறக்கலாம் என்றது யாப்பு.

"ஞாயிறுக்குப் பக்கத்திலை வியாழன் எண்டு ஒரு சொல்லு. வேறை ஒண்டும் இஞ்சை கதைக்கேலாது," என்று யாப்பர் மாநாட்டைத் தொடக்கிவைத்தார்.

மன்னார்க்காரர் ஒருவர் எழுந்தார். "யாப்பையே மாத்த வந்த சபை, 'வேறை கதைக்கேலாது' எண்டதை மாத்தேலாதோ?"

யாப்பர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வருடம் சட்டம் படித்தவன் நான். கையிலிருந்த ரோல்ஸ் பலகாரத்தைக் கடித்தேன்.

அணை உடைந்தது. முதலில் சங்கத்தின் பெயர் போனது. பிறகு சங்கத்துக்குக் காவல் அந்தோனியாரா, பிள்ளையாரா என்று தொடங்கித் தலைவரின் மீசை வரை வந்தது. கடைசியில் யாரோ, "உந்தச் சங்கத்தையே கலைச்சுப்போடுவம்!" என்று கத்தினார். எங்கள் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். கை தூக்காமல் நின்ற யாப்பரையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

வியாழனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வியாழன் கொட்டும் மழை. அவ்வழியே போனால், மண்டபத்தில் வெளிச்சம். வாசற்படியில் குடையோடு யாப்பர்.

"என்ன அண்ணை, திறந்து வைச்சிருக்கிறியள்?"

"சாவியைத் தலைவரிட்டைக் குடுக்கோணும் எண்டது யாப்பு. தலைவர் எங்கை? ஞாயிறு மட்டும் எண்டதும் யாப்பு. யாப்பு எங்கை?"

எட்டிப் பார்த்தேன். செல்வமணி அக்கா இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உறங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்கள் ஏன் மழைக்கை? உள்ளை போய் இருக்க எந்த விதி தடுக்குது?"

வாழ்நாளில் முதல் தடவையாக யாப்பர் விதி சொல்லவில்லை.

"மெல்லக் கதையும் ஐசே. ஆள் நித்திரை."

நானும் படியில் குந்தினேன். குடையை என் பக்கம் சரித்தார். அவருடைய ஒரு தோள் நனைந்துகொண்டே இருந்தது.